சொன்ன நாளில் போய் நிற்பது: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு வழிகாட்டியாக

கேள்வி: எனக்கு 28 வயது. வேலைக்குப் போகிறேன், வார இறுதியில் ஓய்வு உண்டு. பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று அறிந்தேன். சேர ஆசைதான். ஆனால் உளவியல் எதுவும் தெரியாது, பிள்ளைகளோடு பெரிய பழக்கமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்னால் என்ன செய்ய முடியும்? போய் என்ன பேசுவது? அதற்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டால்?

பதில்:

உளவியல் தெரியாதே என்ற கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையைச் சுற்றி விவரம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், ஆசிரியர், வளர்ப்புப் பெற்றோர் என்று ஒரு கூட்டமே இருக்கும். அவர்களில் பலர் மனதார உழைப்பவர்கள். ஆனாலும் அத்தனை பேரும் ஏதோ ஒரு விதத்தில் வேலை என்பதால் வருகிறவர்கள், அந்த விஷயம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஒதுக்கப்பட்ட முதல் பையனுக்குப் பதினோரு வயது. இரண்டாவது சந்திப்பிலேயே கேட்டான்: "அண்ணா, இதுக்கு உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" சம்பளம் கிடையாது என்றேன். நம்பவில்லை. வளர்ப்புத் தாயிடம் போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டான். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்டான். சம்பளம் வாங்காமல் தன்னைப் பார்க்க ஒரு ஆள் வருவார் என்பது அவன் கண்ட உலகத்தில் இல்லாத சங்கதி.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் வழிகாட்டியாக இருந்தேன், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இதில் யார் நிலைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், கெட்டிக்காரர்கள் என்றோ கலகலப்பாகப் பேசுகிறவர்கள் என்றோ சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் நாலு மணிக்கு வந்து நிற்கிறவர்கள்தான் நிலைக்கிறார்கள். மழை பெய்தாலும், போன வாரம் பிள்ளை முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் வருகிறவர்கள். மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை.

வளர்ப்புப் பராமரிப்பைத் தத்தெடுப்போடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் தெளிவுபடுத்திவிடுகிறேன். தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி என்றென்றைக்கும் அந்த வீட்டுப் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. பெற்ற வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியாத பிள்ளையை, அரசின் பொறுப்பில், இன்னொரு குடும்பம் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறது. அடி உதை, புறக்கணிப்பு, பெற்றோரின் நோய், போதைப் பழக்கம், சிறை, மரணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்குச் சிறப்புப் பாதுகாப்பும் உதவியும் தருவது அரசின் கடமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20வது பிரிவு சொல்கிறது. முடிந்தால் பிள்ளை பெற்றோரிடமே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் பொதுவான நோக்கம். ஆனால் எப்போது, போகுமா போகாதா என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்தத் 'தற்காலிகம்' ஆறு வாரமாகவும் இருக்கலாம், ஆறு வருடமாகவும் இருக்கலாம். இடையில் வீடு மாறலாம். வீடு மாறினால் பள்ளி மாறும், சிநேகிதர்கள் மாறுவார்கள், சில சமயம் கூடப் பிறந்தவர்களே வேறு வீட்டில் இருப்பார்கள். நாளை எங்கே படுப்போம் என்பதைத் தான் முடிவு செய்ய முடியாது என்று தெரிந்த பிள்ளையோடுதான் நீங்கள் பழகப் போகிறீர்கள். அது செய்கிற பல காரியங்களுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

வழிகாட்டி என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். வழி காட்டுவது உங்கள் வேலையில் ஒரு சிறு பகுதிதான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சுகப் 1977இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதில் தன்னார்வலர்கள் பிள்ளையின் வழக்கைப் படித்து, அதன் நலனுக்காக நீதிமன்றத்தில் பேசுவார்கள். அது வேறு வகைப் பணி, மிக அருமையான பணி. வழிகாட்டிக்கு நீதிமன்றத்தில் வேலை இல்லை. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 'சுயேச்சையான வருகையாளர்' என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. பிள்ளையைப் போய்ப் பார்ப்பது, ஆலோசனை சொல்வது, நட்பாக இருப்பது என்று அவருடைய கடமையைச் சட்டமே மூன்று சொல்லில் முடித்துவிடுகிறது. நீங்கள் செய்யப் போவதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் நான் பார்த்ததில்லை. ஆலோசனையை நடுவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் நடைமுறையில் அது கடைசியாகத்தான் வரும். முதலில் போய்ப் பார்ப்பது, அப்புறம் நட்பு, அதற்குப் பிறகு பிள்ளையே கேட்டால் ஆலோசனை.

இதனால் நிஜமாகவே பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். உண்டு, ஒரு நிபந்தனையோடு. அமெரிக்காவின் மிகப் பெரிய வழிகாட்டித் திட்டம் ஒன்றின் விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில், தன்னைப் பற்றிய பிள்ளையின் மதிப்பே முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது. அதாவது, வந்துவிட்டு இரண்டாவது மாதமே நின்றுபோகிறவரைவிட வராமலே இருந்தவர் மேல். துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளின் விஷயத்தில் உறவு சீக்கிரம் முறிவதும் அதிகமாக இருந்தது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே நாம் சீக்கிரம் தோற்றுப்போகிறோம். இந்த ஆய்வை ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். சிலர் அன்றோடு வர மாட்டார்கள். அது நல்லதற்குத்தான்.

அந்த ஆய்வில் உங்களுக்கென்றே ஒரு தகவலும் இருக்கிறது. உறவு சீக்கிரம் முறிந்துபோனது 26 முதல் 30 வயதுக்குள் இருந்த, திருமணமான தன்னார்வலர்களிடம் கூடுதலாக இருந்தது. அவர்கள் அன்பில்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், ஊர் மாற்றம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும், வேறென்ன? அதனால் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து, அடுத்த இரண்டு வருடத்தில் உங்கள் வாழ்க்கையில் என்னென்ன வரப்போகிறது என்று எழுதிப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போகும் யோசனை இருந்தால் இப்போது சேர வேண்டாம். இருக்கிற ஊரிலேயேதான் இருக்கப் போகிறீர்கள், வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தை வீட்டார் சம்மதத்தோடு ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் சேருங்கள். அதற்கு முடியாதவர்கள் செய்யவும் வேலை இருக்கிறது: நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தரலாம், ஒரு நாள் நிகழ்ச்சியில் உதவலாம், பள்ளிச் செலவுக்குப் பணம் கொடுக்கலாம். பிள்ளையின் மனதில் இடம் பிடித்துவிட்டுக் காணாமல் போவதைவிட இவை எல்லாமே மேலானவை.

நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்தவர்களைப் பெரியவர்களான பிறகு பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பதினெட்டு வயதுக்கு முன்பே தொடங்கி இரண்டு வருடமாவது நீடித்த ஒரு பெரியவரின் துணை இருந்தவர்கள் உடல்நலத்தில் மேலாக இருந்தார்கள், தற்கொலை எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. அந்தப் பெரியவர்கள் பலரும் எந்தத் திட்டத்தின் மூலமும் வந்தவர்கள் அல்லர். ஆசிரியர், உறவினர், தெரிந்தவர் என்று இயல்பாக அமைந்தவர்கள். அமெரிக்காவின் டென்வர் பகுதியில் ஹெதர் டாசிக் என்பவர் உருவாக்கிய ஒன்பது மாதத் திட்டத்தில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு குழுப் பயிற்சியும், தனியாக ஒரு வழிகாட்டியும் உண்டு. வழிகாட்டிகள் முதுநிலை மாணவர்கள், வாராவாரம் மேற்பார்வை பெறுகிறவர்கள். திட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சேராத பிள்ளைகளைவிடச் சேர்ந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது என்று 2010இல் வெளியான முடிவு சொல்கிறது. ஒன்பது மாதம்தானே, வருடக்கணக்கில் இல்லையே என்று தோன்றும். ஆனால் அங்கே முடிவு நாள் முதல் நாளே பிள்ளைக்குத் தெரியும். அறிவித்துவிட்டு முடிப்பதும் திடீரென்று மறைவதும் ஒன்றல்ல.

சேரும் நடைமுறை ஊருக்கு ஊர் வேறுபடும். காவல்துறைச் சரிபார்ப்பு, நேர்காணல், உங்களை அறிந்தவர்களிடம் விசாரணை, பயிற்சி, அதன் பிறகு பிள்ளையோடு இணைப்பது என்று சில மாதங்கள் ஆகலாம். இழுத்தடிக்கிறார்களே என்று எரிச்சல் வரும். வரக்கூடாது. சரிபார்க்காமல் அடுத்த வாரமே பிள்ளையைக் கையில் கொடுக்கிற இடம் என்றால், அங்கிருந்து நீங்கள்தான் விலக வேண்டும். உங்களுக்கு முன் அந்தக் கதவு வழியாக யார் யார் போனார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சேர்ந்த பிறகு மாதம் ஒரு முறையாவது உங்களைக் கூப்பிட்டுப் பேச ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரா? இல்லையென்றால் தனியாகத் தவிப்பீர்கள்.

சரி, போய் என்ன பேசுவது? முதல் சில வாரம் அதிகம் பேச வேண்டாம். நான் சொன்ன பையன், சம்பளத்தைக் கேட்டானே, அதைத் தவிர முதல் ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. நான் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எப்படி, எந்தப் பாடம் பிடிக்கும், யார் சிநேகிதர்கள். ஒவ்வொன்றுக்கும் தோளை மட்டும் குலுக்குவான். ஏழாவது வாரம் நான் போனபோது அவனுடைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கழன்ற சங்கிலியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்சக்கரத்துப் பற்களில் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், முன்னால் நான் கோத்தேன், அவன் மிதியைப் பின்னுக்குச் சுற்றினான். மூன்று முறை நழுவியது, நாலாவது முறை 'டக்'கென்று உட்கார்ந்தது. கை முழுக்கக் கறுப்பு மசகு. துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எங்க அப்பாவுக்கு இது ஒரே தடவையில வரும்."

ஆறு வாரக் கேள்விகளுக்குக் கிடைக்காத பதில் அது. நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து புதிய தன்னார்வலர்களுக்கு நான் சொல்வது: எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். விசாரணைக்கே பழகிப்போன பிள்ளைகள் இவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பேட்டோடு கேள்வி கேட்ட பெரியவர்களை நிறையப் பார்த்திருப்பார்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு தானாக வரும். சீட்டாட்டம், படம் வரைதல், நடை, சமையலில் கூடமாட உதவுவது என்று எதுவானாலும் சரி. எதைச் செய்வது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வாய்ப்புகளைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எதிலும் குரல் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சிறிய முடிவு பெரியது.

அந்தப் பையன் அப்பாவைப் பற்றிச் சொன்னானே, அந்த அப்பா அவனை அடித்ததால்தான் அவன் அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டான். எனக்கு அது தெரியும். ஆனாலும் அவன் குரலில் பெருமை இருந்தது. இதைப் புரிந்துகொள்ளப் புதியவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். பெற்றோரை ஒரு வார்த்தை கூடத் தாழ்த்திப் பேசாதீர்கள், பிள்ளையே திட்டினாலும் சேர்ந்து திட்டாதீர்கள். நாளைக்கு அது திட்டியதற்காக வருந்தும், நீங்கள் திட்டியதை மறக்காது. "நீ இப்போ நல்ல இடத்துல இருக்கே, சந்தோஷமா இரு" என்பதும் வேண்டாம். நல்ல இடத்தில் இருந்துகொண்டே வீட்டை நினைத்து அழலாம், அதில் முரண்பாடு எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், வளர்ப்புப் பெற்றோரையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்கள் வீட்டில் ஒரு விதி இருந்தால் அது உங்களுக்கும் விதிதான். எட்டு மணிக்குள் வீட்டில் விட வேண்டும் என்றால் ஏழு ஐம்பதுக்கு வாசலில் நில்லுங்கள். நீங்கள் விளையாட்டுக்கு மட்டும் வருகிறவர், அவர்கள் காய்ச்சலுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடு இரவு அழுகைக்கும் இருக்கிறவர்கள். 'அண்ணா வந்தாத்தான் ஜாலி, நீங்க எப்பவும் திட்டறீங்க' என்று பிள்ளை அவர்களிடம் சொல்லும்படி ஆகிவிட்டால், எங்கேயோ தவறு செய்கிறீர்கள்.

இனி நான் செய்த தவறு. ஒரு சனிக்கிழமை அலுவலக வேலை நீண்டுவிட்டது. தகவல் சொல்லாமலே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், சின்னப் பையன்தானே, வேறு ஏதாவது விளையாடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனபோது வளர்ப்புத் தாய் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். மூன்றரைக்கே ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறான். ஆறரைக்கு உள்ளே கூப்பிட்டும் ஷூவைக் கழற்றவில்லையாம். இரவு ஷூவோடுதான் தூங்கினான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, நீங்க வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான். அந்த வார்த்தை எனக்கு இன்றும் வலிக்கிறது. அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது.

வர முடியாத நாள் எல்லோருக்கும் வரும். முந்தின நாளே பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லுங்கள், மாற்று நாளை அப்போதே சொல்லுங்கள், அந்த நாளில் போய்விடுங்கள். கடைசி நிமிடத்தில் ஏதாவது ஆனாலும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதே போல வாக்குறுதி கொடுப்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். "லீவுல கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்", "எப்பவும் உன்கூட இருப்பேன்" என்பதெல்லாம் பாசத்தில் வருகிற வார்த்தைகள், ஆனால் பிள்ளை அவற்றை எழுதி வைத்ததுபோல் ஞாபகம் வைத்திருக்கும். "அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன்." இந்த அளவுக்குச் சொன்னால் போதும். நான் ஒரு சிறிய நாட்காட்டியை வாங்கிக் கொடுத்து, வருகிற நாட்களை அவன் கையாலேயே வட்டமிடச் சொன்னேன். அதை அவன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

நெருக்கம் கூடி வரும்போது சோதனையும் வரும், அதற்குத் தயாராக இருங்கள். மூன்று நான்கு மாதம் நன்றாகப் போகும். திடீரென்று ஒரு நாள் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டும், நீங்கள் கொடுத்த பொருளை உடைக்கும், வெளியே வர மாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று அப்போது புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயம் அதற்கு வந்துவிட்டது. எப்படியும் போகப் போகிறீர்கள் என்றால் அதைத் தானே முடித்துவிடலாம் என்று பார்க்கிறது. சத்தம் போட வேண்டாம், உபதேசமும் வேண்டாம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "சரி, இன்னைக்கு வேண்டாம். நான் அஞ்சரை வரைக்கும் இங்கே கூடத்துல இருப்பேன். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி ஐந்தரை வரை இருங்கள். அடுத்த வாரம் போங்கள். அடிக்கவோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவோ செய்தால் அன்றே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் யோசனைக்கே இடமில்லை.

நம்பிக்கை வந்த பிறகு ஒரு நாள் பிள்ளை உங்களிடம் கனமான ஒன்றைச் சொல்லக்கூடும். யாரோ தொட்டார்கள், யாரோ அடிக்கிறார்கள், இந்த வீட்டிலேயே ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றுதான் தொடங்கும். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். இதற்குப் பிறகும் பல பிள்ளைகள் சொல்லத்தான் செய்கின்றன. குறுக்கே பேசாமல் கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், "அவர்தானே செய்தார்" என்று நீங்களாகப் பெயர் எடுத்துக் கொடுக்காதீர்கள், அது பின்னால் விசாரணையைக் கெடுத்துவிடும். உன் மேல் தப்பில்லை, சொன்னது நல்லதாயிற்று என்று சொல்லுங்கள். வெளியே வந்தவுடன் பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில் எழுதி வைத்து, அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அந்த நிமிடமே. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கப் போகாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதன் விலையை அந்தப் பிள்ளை கொடுக்கும்படி ஆகிவிடும்.

பரிசுகள் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் வாங்கிக் குவிப்பார்கள். பிறந்தநாளுக்கு ஒரு சிறிய பொருள் போதும், பணம் கொடுக்கவே கூடாது. விலை உயர்ந்த பொருள் அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் இதைத் தனிமைப்படுத்தும், வளர்ப்புப் பெற்றோரையும் சங்கடப்படுத்தும். வீடு மாறும்போது பொருட்கள் தொலைந்தும் போகும். பையும் பெட்டியும் இல்லாமல் தன் உடைமைகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன பிள்ளைகள் பல நாடுகளில் உண்டு. அதனால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உறுதியான ஒரு முதுகுப்பை வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

புகைப்படத்தைச் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். முகத்தை மறைத்தும் போடாதீர்கள், பெயரில்லாமல் கதையாகவும் எழுதாதீர்கள். அந்தக் கதை அந்தப் பிள்ளையுடையது. (நான் இங்கே சொல்வதில்கூட அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.) பல நாடுகளில் இது சட்ட விஷயமும்கூட. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி, இப்படிப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

பதினைந்து, பதினாறு வயதில் இருப்பவரோடு உங்களை இணைத்தால் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. பல நாடுகளில் பதினெட்டு வயதானால் பராமரிப்பு முடிந்துவிடும், அல்லது பெருமளவு குறைந்துவிடும். மற்ற வீடுகளில் அந்த வயதில் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். இவர்கள் வாடகைக்கு அறை தேட வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்குவது, அடையாள ஆவணங்களைச் சேர்த்து ஒரே கோப்பில் வைப்பது, மாதச் சம்பளத்தைப் பிரிப்பது, மருத்துவரிடம் தனியாகப் போய் வருவது என்று நம் வீட்டில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவற்றை இவர்களுக்கு யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். நான் பழகிய ஒரு இளைஞன் முதல் வேலைக்குப் போன அன்று இரவு பதினோரு மணிக்கு என்னை அழைத்தான். ஏதோ ஆபத்து என்று பதறி எடுத்தேன். "சட்டைக் காலர்ல இருக்கிற அழுக்கு எப்படிண்ணா போகும்?" என்றான். சோப்பைக் காலரில் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னேன். கேட்க ஒரு எண் அவனிடம் இருந்தது என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

முடிவும் ஒரு நாள் வரும். பிள்ளை பெற்றோரிடம் திரும்பலாம், வேறு ஊருக்கு மாறலாம், உங்கள் வாழ்க்கை மாறலாம். அழுவார்களே என்று பயந்து சொல்லாமல் நழுவுகிற தன்னார்வலர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தப் பிள்ளைகள் முறையாக விடைபெற்ற பெரியவர்கள் மிகக் குறைவு. ஒரு மாலையில் கார் வந்தது, ஏறினார்கள், அவ்வளவுதான். இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். ஏன் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள், அது தன்னால் அல்ல என்பது அதற்கு விளங்க வேண்டும். இன்னும் எத்தனை சந்திப்பு என்று நாட்காட்டியில் எண்ணுங்கள். கடைசி நாள் என்ன செய்யலாம் என்று அதையே கேளுங்கள். கடிதமோ தொலைபேசியோ தொடர முடியுமா என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு கடைசி நாள் அது வராமல் போனாலும் நீங்கள் போய் நில்லுங்கள்.

கடைசியாக, பிடிக்காமல் போனால் என்ன என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதத்தில் பிடிக்கிறதா இல்லையா என்று தெரியவே தெரியாது, அதனால் அதற்குள் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதற்குப் பிறகும் உண்மையாகவே ஒத்துப்போகவில்லை என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. நான் மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டத்தில், விவரம் புரிந்து முடிவெடுக்கக்கூடிய பிள்ளை மறுத்தால் அந்த வருகையாளரை நியமிக்கவே கூடாது. ஒருவேளை அப்படிச் சொன்னால் வாதாடாதீர்கள். "சொன்னதுக்கு நன்றி. உனக்குப் பிடிச்ச மாதிரி வேற ஒருத்தரைப் பார்க்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்தவர் வருவதற்குள் அதிக வாரங்கள் காலியாகப் போய்விடக்கூடாது.